ஜோடி பார்க்கிறவன்

அடாப்டர் ஏறவில்லை.

கோபிநாத் முன்பக்கமிருந்து தள்ளிப் பார்த்தான், பின்பக்கமிருந்து தள்ளிப் பார்த்தான், நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டும் தள்ளிப் பார்த்தான். துப்பாக்கிதான் கட்டிலிலிருந்து நழுவி அவன் கால் கட்டை விரலில் விழுந்தது. அடாப்டர் ஒரு நூல்கூட நகரவில்லை.

துப்பாக்கி அணைக்கட்டு ஊர்க்காரர் வீரபாகுவினுடையது. பறவைகூடப் பயப்படாத பழைய ஏர் ரைபிள். வீரபாகுவின் மகள் சௌம்யாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து பதினாறு நாளாகிறது. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. ஆறாம் நாள் கோபிநாத்தே அவளுக்கு ஃபோன் செய்தான். "அது வந்து..." என்று இரண்டு முறை இழுத்தாள்.

"உங்களால ஒரு வேலை ஆகணுமே," என்றாள். "அப்பாவோட துப்பாக்கிக்கு ஸ்கோப் மாட்டணும். அது முடியட்டும், மத்தத அப்புறம் பேசலாம்."

மத்தது என்றால் கல்யாணம். கோபிநாத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. மறுநாள் சௌம்யா ஸ்கூட்டியில் மாதனூர்வரை வந்து, போர்வையில் சுற்றிய துப்பாக்கியையும் அட்டைப் பெட்டியில் ஸ்கோப்பையும் கொடுத்தாள். சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்போடு அவன் ஆம்பூர் வந்து சேர்ந்ததில் வழியில் எத்தனை வேகத்தடை இருந்தது என்றுகூடத் தெரியவில்லை.

ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களுக்கு அடி அகலம். துப்பாக்கியின் முதுகோ ஒடுக்கம். கீழே ஒடுக்கமாகக் கவ்வி, மேலே அகலமாக இடம் கொடுக்க நடுவில் ஓர் அலுமினியத் துண்டு வேண்டும். அதுதான் அடாப்டர். வளையங்களோடு அதையும் எடுத்துக் கொடுக்கும்போது, வேலூரில் துப்பாக்கிச் சாமான் விற்கும் அப்துல் சமத் பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்.

"முதுகு எத்தன மில்லி தம்பி? பதினொண்ணா, பதிமூணா?"

"பதினொண்ணு பாய். அளந்துட்டேன்."

அளந்தது பொய்யில்லை. கோபிநாத்துக்கு ஷூ கம்பெனியில் வேலை. தோலின் கனம் பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கிவந்துதான் அளந்தான். எந்த மாட்டின் தோலும் பத்து மில்லிமீட்டரைத் தாண்டாது என்பதால் கருவியின் வாயும் அதற்கு மேல் திறக்காது. துப்பாக்கியின் முதுகு அந்த வாய்க்குள் நுழையவில்லை. பத்துக்கு மேல் என்றால் பதினொன்று என்று முடிவு கட்டிவிட்டான்.

"பத்துக்கு மேல பன்னெண்டு, பதிமூணுலாம் கெடையாதாடா?" என்று கேட்டாள் பக்கத்து மேஜை ரஃபத் ஜஹான். கம்பெனியில் அவள் அவனுக்கு ஆறு வருஷம் சீனியர்.

"நீ ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? கருவிய தூக்கினு மாப்ள கணக்கா ஓடுன."

மறுபடி வேலூர். பாய் பதிமூன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பேஜாரே வேணாம் தம்பி. துப்பாக்கிய எடுத்துனு வா, நானே பாத்து மாட்டித் தரேன்."

"பள்ளிகொண்டா டோல்கேட்ல போலீஸ் நிக்கிறாங்க பாய்."

"இதுக்கு லைசென்ஸே வேணாம்பா."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

பதிமூன்று ஏறியது. ஏறி, ஆடியது. கோபிநாத் கவலைப்படவில்லை. ஷூவுக்குள் லைனிங் வைக்கும் ஆட்டுத் தோலில் இரண்டு கீற்று நறுக்கி, ஷூ ஒட்டும் சொல்யூஷனைப் போட்டு இடுக்கில் செருகினான். ஆட்டம் நின்றது. அடுத்து வளையங்களை எடுத்தவன் திடுக்கிட்டான். இரண்டிலும் திருகாணி ஒரே பக்கம்.

எட்டு வருஷமாக அவனுக்கு ஜோடி பார்க்கும் வேலை. இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து, நிறமும் தையலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். அவனைத் தாண்டி ஒரு தப்பு ஜோடி கப்பல் ஏறியதில்லை. உடனே ஃபோனை எடுத்தான்.

"பாய், ரெண்டும் இடது காலா குடுத்துட்டீங்க."

"இன்னாது?"

"ஜோடி சேரல பாய். ஒண்ணு வலது இருக்கணும்ல?"

"தம்பி, அது துப்பாக்கி. செருப்பு இல்ல. ரெண்டையும் ஒரே மாதிரி மாட்டு."

மாட்டினான். மனம் ஒப்பவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தான், அப்போதும் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு வளையத்தைத் திருப்பி மாட்டியபிறகுதான் மூச்சு சீரானது. இடது, வலது. பார்க்க அழகான ஜோடி.

ஞாயிறு காலை மொட்டை மாடிச் சுவரில் ஒரு கொட்டாங்கச்சியை வைத்தான். ஸ்கோப்பில் அது நிலா மாதிரி பெரிதாக, நட்ட நடுவில் தெரிந்தது. சௌம்யாவின் அப்பா தோளில் தட்டிக் கொடுப்பதும் அதற்குள்ளேயே எங்கோ தெரிந்தது. சுட்டான்.

கொட்டாங்கச்சி அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாயிலிருந்து மெல்லிய நீரூற்று ஒன்று வளைந்து கிளம்பியது. அதை அவன் பார்த்தது ஒரு கண்ணால்தான். தோல் கீற்று வழுக்கி, ஸ்கோப் பின்னால் ஓடிவந்து மற்றக் கண்ணின் புருவத்தில் இடித்திருந்தது.

"எவன்டா அவன்? இப்பத்தான் மோட்டர் போட்டேன்!" என்று கீழேயிருந்து தேவகியம்மாள் கத்தினாள்.

ஓடிப்போய் அந்த ஓட்டையையும் தோல் துண்டும் சொல்யூஷனும் வைத்தே அடைத்தான். தண்ணீர் நின்றது. மறுநாள் தேவகியம்மாள் தம்ளரோடு வந்து நின்றாள்.

"டீ பூரா புது ஷூ வாசம் அடிக்குது கோபி. நீயே குடிச்சிப் பாரு."

குடித்தான். உயர்ந்த ரக ஷூ.

அன்று மத்தியானம் சௌம்யாவிடமிருந்து செய்தி வந்தது: "கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." அதை ஒன்பது முறை படித்துவிட்டு ரஃபத் ஜஹானிடம் நீட்டினான்.

"பாருக்கா, என்மேல எவ்ளோ அக்கறை!"

அவள் செய்தியைப் பார்த்தாள். வீங்கிய புருவத்தைப் பார்த்தாள். "விட்டுட்றா. அதான் அவளே சொல்றாளே."

"விட்டா கல்யாணம் போச்சேக்கா!"

"உயிரக் குடுத்தாவது மாட்டிடுவேன்" என்று பதில் போட்டான். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. வேறொன்றும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை ஃபோனை எடுத்துப் பார்த்ததில், எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஏழாம் நம்பர் இடது ஷூவோடு எட்டாம் நம்பர் வலது ஷூவைப் பெட்டியில் போட்டான். ரஃபத் ஜஹான் கண்டுபிடித்து எடுத்தாள்.

இனிப் பொறுக்க முடியாது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தோல் சுருளுக்குள் வைத்துச் சுற்றி, பைக்கில் குறுக்கே கட்டிக்கொண்டு கிளம்பினான். டோல்கேட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கோபிநாத் ஓரங்கட்டினான்.

"இன்னா அது?"

"தோ... தோலு சார்."

தினமும் தோல் வண்டிகள் போகும் அந்தச் சாலையில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. "போ, போ."

கடையில் பாய் சுருளைப் பிரித்தார். துப்பாக்கியைக் கண்டதும் அவர் கை நின்றது. திருப்பிப் பின்கட்டையைப் பார்த்தார், குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து அவனை உட்காரச் சொன்னார்.

"அணைக்கட்டு வீரபாகு வூட்டு துப்பாக்கியா தம்பி?"

"ஆமா பாய். மாமனார்... ஆகப்போறவரு. எந்த அடாப்டர்னு சொல்லுங்க, இப்பவே மாட்டிடலாம்."

"எதுவும் சேராது. குழாயே வளஞ்சிருக்கு. இதுல இன்னா மாட்னாலும் குறி நிக்காது."

"ஐயையோ! அது அவங்களுக்குத் தெரியாதே பாய்!"

"அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லியிருக்கேனே."

"தெரிஞ்சுமா என்கிட்ட குடுத்தாங்க?"

பாய் எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். டீ வந்தது. ஒன்றை அவன் கையில் வைத்துவிட்டு, தன்னுடையதை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல அந்தப் பொண்ணுக்கு வாய் வராது தம்பி, துப்பாக்கியக் குடுத்து அனுப்பிடும். தை மாசத்துக்கு அப்புறம் நீ மூணாவது மாப்ள."