உள்ளே காத்திருந்தவருக்கு நான் சொன்ன சேதி

இக்போ ஓரா
புதன்கிழமை காலை

மிகுந்த மரியாதைக்குரிய லசிசி அத்தான் அவர்களுக்கு, உங்கள் மனைவி ரமோதாவின் தங்கை அயின்கே முழங்காலிட்டு எழுதிக்கொள்வது. முழங்கால் மரியாதைக்காக மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியில் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். சாலையில் இருக்கும் உங்களுக்கு வணக்கம். கானோ வெயிலுக்கு வணக்கம், புழுதிக்கு வணக்கம், உடைந்துபோன லாரி அச்சுக்கும் புது அச்சுக்காக நீங்கள் காத்திருக்கும் மூன்று வாரத்துக்கும் வணக்கம். அக்கா நலம். குழந்தைகளைப் பற்றி வரிசையாகச் சொல்கிறேன். "முடிவை மொதல்ல எழுதிடுடி, அந்த மனுஷன் பாதியிலயே மயங்கி விழுந்துடுவார்" என்று அக்கா சொன்னாள். ஆனால் இந்த விஷயத்தில் வரிசைதான் சிக்கலே, அதனால் நடந்தபடியே எழுதுகிறேன். பயப்படாதீர்கள். பயப்பட வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

அக்காவுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இரட்டை வேறு, போன இரண்டு தடவைபோல ஆகக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, உப்பு நாக்கில் படக் கூடாது என்று மேட்ரன் சொன்னதும் என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு நீங்கள் போனீர்கள். ஒன்பது வாரம் காவல் காத்தேன். காவல் அக்காவிடமிருந்து அல்ல, உங்கள் அம்மாவிடமிருந்து. உப்பில்லாத இலாசாக் கீரைக் குழம்பைப் பார்த்து, "இதைக் குடிச்சா உள்ள இருக்கற ரெண்டும் நம்ம ஊர்ல பொறக்கவே யோசிக்கும்" என்று தினமும் முந்தானையில் உப்பு முடிந்துகொண்டு வருவார். எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக் குரல் வராமல், ஒரு பருவம் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்தபடியே வராதவளாகக் கிடந்தேன். பிறகு, வராதவள் எதற்குப் போக வேண்டும் என்று நின்றுவிட்டேன். அதனால் உங்கள் அம்மாவிடம் வாதாடவில்லை. அவர் வரும்போதெல்லாம் குழம்புச் சட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மேட்ரன் வயிற்றில் வைத்துக் கேட்கும் மரக்குழலை எனக்கும் ஒருநாள் கொடுத்தார். இரண்டு இதயம் கேட்டது அத்தான். ஒன்று ஓடுகிறது, ஒன்று நடக்கிறது. அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அங்கே இருட்டா, சிவப்பா? ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்வார்களா? நாம் பேசுவது மழைச் சத்தம்போலக் கேட்குமா? அக்கா மதியம் தூங்கும்போது வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தெருச் செய்திகளைச் சொல்ல ஆரம்பித்தேன். யார் ஆடு தொலைந்தது, யார் வீட்டில் எந்தச் சண்டை என்று எல்லாம். வயிறு திருப்பிக் கேள்வி கேட்காது, அதனால் எனக்கு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை, சந்தை நாள், பகல் பதினொரு மணிக்கு வலி வந்தது. மேட்ரனின் பிரசவ விடுதிக்குத் தூக்கிப் போனோம். கிழக்கேயிருந்து புதிதாக வந்திருக்கிற டாக்டர் ஒபின்னாவும் இருந்தார். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்றதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், உங்கள் அம்மா வெளியே போய் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுக்கொண்டார். ஒரு மணிக்கு முதல் குழந்தை வந்தது. பெண்.

அத்தான், பயப்பட வேண்டிய இடம் இதுதான். அவள் அழவில்லை. மேட்ரன் அவளைத் துணியில் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார். நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சந்தைச் சத்தம் கேட்டது, மோட்டார் சைக்கிள் கேட்டது, அந்த அறையிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இதற்கு முன் இரண்டு தடவையும் அந்த அறை அப்படித்தான் இருந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "அழுதாளா? அழுதாளான்னு சொல்லுங்க" என்றாள். உடனே அவளுக்கு வலி நின்றுபோயிற்று. டாக்டர் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, இரண்டாவது வரவில்லை.

"தள்ளுங்கம்மா" என்றார் டாக்டர்.

"மாட்டேன். அவ சத்தம் கேக்காம நான் தள்ளமாட்டேன்" என்றாள் அக்கா.

"அவளை ஏன்யா திட்டறே?" என்று ஜன்னலிலிருந்து உங்கள் அம்மா. "ரெட்டையில முன்னாடி வர்றது தாய்வோ, பின்னாடி வர்றது கெஹிண்டே. உள்ள இருக்கறவர் கெஹிண்டே. பெரியவர். அவர்தானே சின்னதை முன்னாடி அனுப்பியிருக்கார், போய் உலகத்தை ருசி பாத்துட்டுக் குரல் குடுன்னு. தாய்வோ குரலே குடுக்கல. சேதி வராம பெரிய மனுஷன் எப்படிக் கெளம்புவார்?"

"அம்மா, முதல்ல பொறந்ததுதான் பெருசு."

"உங்க ஊர்ல அப்படி இருக்கலாம். நான் ரெண்டு ஜோடி பெத்தவ, என்கிட்ட வந்து சொல்றே!"

"கர்ப்பப்பை களைச்சுப்போச்சும்மா. அவ்வளவுதான் விஷயம்."

"களைச்சுப்போகலடா தம்பி. காத்திருக்கு."

டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். சும்மா நின்றது நான் ஒருத்திதான். "ஏம்மா, நீயாவது அந்த ரூமுக்குப் போய் என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வந்து இவங்களுக்குச் சொல்லு" என்றார். தாய்வோ செய்ய வேண்டிய வேலைக்கு என்னை அனுப்புகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலில் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போய்ப் பார்த்தேன். குழந்தை ஒரு சோளக்கதிர் நீளம்தான் இருந்தாள். மேட்ரன் ஒரு சின்ன ரப்பர் பையை அவள் மூக்குமேல் வைத்து அமுக்கி மூச்சு ஊட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறியது, இறங்கியது. பிறகு பையை எடுத்தார், அப்போதும் நெஞ்சு தானாகவே ஏறியது, இறங்கியது. என் விரலை அவள் உள்ளங்கையில் வைத்தேன், பிடித்துக்கொண்டாள். கண் திறந்திருந்தது. ஜன்னல் கம்பியில் சிவப்புத் தலை ஓணான் ஒன்று தலையை ஆட்டி ஆட்டி நின்றது. அவள் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. அழவே இல்லை.

திரும்பி வரும்போது இரண்டு அறைக்கும் நடுவில் நின்றுவிட்டேன். அழுதாள் என்று சொன்னால் பொய். அழவில்லை என்று சொன்னால் அக்கா என்ன ஆவாள்? ஒன்பது எட்டு வைக்கிற தூரம்தான். வாழ்க்கையில் யாரும் என்னை எதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னதில்லை.

"அக்கா, பாத்துட்டேன்" என்றேன். குரல் வந்தது.

"அழறாளா?"

"அழல. ஆனா மூச்சு விடறா. என் விரலைப் புடிச்சா. கண்ணு முழிச்சிருக்கு. ஜன்னல்ல ஒரு ஓணான் இருக்கு, அதைப் பாக்கறா. இன்னும் பாத்து முடிக்கல அக்கா, அதான் லேட்டு."

அக்கா என்னையே பார்த்தாள். "நெஜமாவா?"

"ஓணான் மேல சத்தியம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், குனிந்து வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன், மதிய நேரத்துப் பழக்கம்தான், ஆனால் குரல் மட்டும் மதியக் குரலாக வரவில்லை. இத்தனை வருஷம் செலவழிக்காத குரல் முழுக்க வந்துவிட்டது.

"உள்ள இருக்கறவரே! நான்தான் அயின்கே, தெருச் சேதி சொல்றவ. உங்க தங்கச்சி வேலையா இருக்கா, அவளுக்குப் பதில் நான் சொல்றேன். நல்லா கேட்டுக்குங்க. கரண்ட் காலையில போச்சு, இன்னும் வரல. உங்கப்பா கானோவுல மாட்டிக்கிட்டார். வெளிய கத்தறது உங்கப்பாவோட அம்மா, அது கோபம் இல்ல, அவங்க குரலே அப்படித்தான். குழம்புல உப்பு இல்ல, ஆனா நீங்க வந்துட்டா போட்டுடலாம். எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன். நானே இங்க வந்து பதினாறு வருஷம்தான் ஆச்சு, பாதிகூடப் பாக்கல. ஆனா பாக்கறதுக்கு நிறைய இருக்கு. வந்து பாருங்க!"

ஜன்னலில் உங்கள் அம்மாவின் தலைக்குப் பக்கத்தில் இப்போது இன்னும் நான்கு தலைகள் இருந்தன. பிறகு அக்கா சிரித்தாள். "உப்பாம்… உப்பு போடறாளாம்" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள், சிரிப்பின் நடுவிலேயே வலி வந்து அவள் முகம் மாறியது, டாக்டர், "அப்படியே! சிரிச்சுக்கிட்டே தள்ளுங்க!" என்று கத்தினார். மூன்று தள்ளு. பையன் வந்தான். அவன் தலை முழுதாக வெளியே வந்ததோ இல்லையோ, அப்படி ஒரு அலறல், நான் சொன்னதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று புகார் சொல்பவனைப்போல. அந்தச் சத்தம் கேட்டு, பக்கத்து அறையிலிருந்து ஒரு மெல்லிய சத்தம், எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல. தன் சேதியை வேறு யாரோ சொல்லிவிட்டார்கள் என்ற கோபமாக இருக்கலாம். அழுதாள் அத்தான். அழுதுகொண்டே இருந்தாள். மேட்ரனும் அழுதார்.

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். பெண் மிகவும் சின்னவள், பஞ்சு சுற்றி வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள், பாலைத் துளித்துளியாகக் கரண்டியில் கொடுக்கிறோம். நேற்றைவிட இன்று இரண்டு துளி அதிகம் குடித்தாள். மருந்து ஏற்றியதால்தான் பையன் வந்தான் என்று டாக்டர் சொல்கிறார், இருக்கலாம். ஆனால் நேற்று யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்து, "நீ ஓணானைப் பத்தி முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தியா?" என்று கேட்டார்.

இனி என் வேண்டுகோள். உங்கள் அம்மா அன்றே நேராகச் சந்தைக்குப் போய்விட்டார். இரண்டே நாளில் வாசலில் கூட்டம். பிள்ளைத்தாய்ச்சிகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்து, "ஒரே ஒரு சத்தம் குடுடி கண்ணு" என்கிறார்கள். கெஹிண்டேவுக்குச் சேதி சொன்னது நான் என்றால் தாய்வோ நான்தானா, அப்படியென்றால் சின்னவளுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெருவில் இரண்டு கட்சியாகிவிட்டது. நேற்று ஒரு அம்மாள் முப்பது வயது மகனை இழுத்துக்கொண்டு வந்து, "இவனும் கெஹிண்டேதான். இன்னும் வீட்டை விட்டு வெளிய வரமாட்டேங்கறான். உலகம் எப்படி இருக்குன்னு இவன் காதுலயும் சொல்லு" என்றார். நான் தானியப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவனும் வந்து என் பக்கத்தில் ஒளிந்துகொண்டான்.

அத்தான், என்னால் முடியாது. குரல் ஒரு தடவை வந்தது, இன்னொரு தடவை வரும் என்று என்ன நிச்சயம்? பெயர் சூட்டும் எட்டாம் நாளுக்கு எந்த லாரியிலாவது தொற்றிக்கொண்டு வந்துசேருங்கள். அன்றைக்குக் குழந்தைகளின் நாவில் உப்பு வைப்பார்கள், நான் வாக்குக் கொடுத்த உப்பு, நீங்கள் இருந்து பார்க்க வேண்டும். பிறகு நீங்கள் கானோ திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். அங்கே ஹௌசா பேசுகிறார்கள், எனக்கு ஒரு சொல் தெரியாது, அதனால் யாரும் என்னைப் பேசச் சொல்லமாட்டார்கள். உங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பேன். இது ஒன்றைத்தான் கேட்கிறேன், மறுக்காதீர்கள்.

உங்கள் அச்சு சீக்கிரம் கிடைக்கட்டும். வழியில் போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் நல்ல தூக்கம் வரட்டும். சக்கரம் நான்கும் ஒரே நேரத்தில் வீடு வந்துசேரட்டும். அக்கா அன்பு சொல்லச் சொன்னாள். உங்கள் அம்மா சொல்லச் சொன்னது தாளில் அடங்காது.

பணிவுள்ள,
அயின்கே

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மேட்ரன் ஆள் அனுப்பியிருக்கிறார். பானைக்காரர் மனைவிக்கு முதல் குழந்தை வந்துவிட்டதாம், நாற்பது நிமிஷமாக இரண்டாவது அசையவில்லையாம். "மொதல் குழந்தை அழலையா?" என்று கேட்டேன். "அழறதா? அது அழற அழுகையைக் கேட்டு உள்ள இருக்கறது பயந்துபோச்சுன்னு பேசிக்கறாங்க. டாக்டரே உன்னைக் கூப்பிடச் சொன்னார்" என்றாள் வந்தவள். அப்படியும் நடக்குமா அத்தான்? அப்படிப் பயந்தவரிடம் என்ன சொல்வது? முதலில் அழுகிற குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து அழுகிறது என்று தெரிய வேண்டும். கானோ வேண்டாம், மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். செருப்பில் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, பரவாயில்லை, போகிறேன்.