சண்முகராஜின் வினையூக்கி

நீரைத் தூய்மைப்படுத்த மனிதகுலம் மேற்கொண்ட மாபெரும் முயற்சிகளில், 2004இல் சின்னமனூரைத் தாண்டி ஒரு சாயப்பட்டறையில் வந்து இறங்கிய ஒரு லாரிக் கரிக்கு நிரந்தர இடம் உண்டு. அடுப்புக்கரி என்று யாராவது சொன்னால் மேலாளர் சண்முகராஜுக்குக் கோபம் வரும். அது 'ஆக்டிவேட்டட் கார்பன்'. தேங்காய்ச் சிரட்டையில் பிறந்து, கோயம்புத்தூரில் பட்டம் பெற்றது.

கழிவுத் தொட்டியில் இந்தக் கரியைப் போட்டுப் பெராக்சைடு ஊற்றினால் சாயம் முறிந்து தண்ணீர் தெளியும். கரி வெறும் வினையூக்கி, தீர்ந்து போகாது என்று இன்ஜினியர் விளக்கியிருந்தார். தீராத பொருளை வாங்குவதில் முதலாளிக்குத் தடையில்லை. தீர்ந்து போகும் பெராக்சைடைத்தான் அவர் வாங்கவில்லை.

பட்டறையை ஒட்டி முத்துப்பேச்சியின் வெற்றிலைக் கொடிக்கால். கிணறு நீலமாகி இலை கருகத் தொடங்கியதும், அவள் தினமும் கேட்டருகே வந்து நின்றாள்.

"சார், அந்தக் கரி வேல செய்யுதா?"

"கரி வேல செய்யாது. கூட இருந்து மத்தத வேல செய்ய வைக்கும். அதான் அதோட பெரும."

"அப்ப வேல செய்யிறது எது?"

"பெராக்சைடு."

"அது எங்கன இருக்கு?"

"வரும். போயிட்டு வா ஆத்தா."

நாற்காலியை விட்டு எழாமலே ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர் சண்முகராஜ். தானும் ஒரு வினையூக்கிதான் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

கார்த்திகை பிறந்தது. குமுளி ரோடு முழுக்க நீல வேட்டி கட்டி மாலை போட்ட சாமிகள். முத்துப்பேச்சி துவைத்துக் காயப்போட்ட புருஷனின் வெள்ளை வேட்டி, அசல் சாமி நீலத்தில் ஆடியது. ஒரு சாமி நின்று விலை கேட்டார். கொடிக்கால் போன வயிற்றெரிச்சலில் இருந்தவள் கொடுத்துவிட்டாள். மறுநாள் புது வேட்டிகளை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் முக்கினாள்.

அந்த வாரமே மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. அதிகாரி தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"கரி இருக்கு. நெறையவே இருக்கு," என்று திருப்தியோடு எழுதிக்கொண்டார்.

முத்துப்பேச்சி அவரை விடவில்லை. கிணற்றடிக்கு அழைத்துப்போய் ஒரு வாளி இறைத்துக் காட்டினாள்.

"எல்லாம் பட்டறையில இருந்து வர்ற சாயம் சார்."

"அங்கதான் கரி இருக்கேம்மா. கரி இருக்கிற எடத்துல இருந்து எப்படிச் சாயம் வரும்?"

"அப்ப என் கெணத்துல யாரு கலந்தாக?"

அதிகாரி கொடியில் காய்ந்த வேட்டிகளைப் பார்த்தார். "இத விக்கிறது யாரு?"

"நாந்தேன்."

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. அனுமதியும் கரியும் இல்லாமல் 'சாயப்பட்டறை' நடத்திய குற்றத்துக்காக முத்துப்பேச்சியின் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுச் சீல் வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்து சண்முகராஜ் போட்டார். போட்டுவிட்டு, அவளைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

"கவலப்படாத ஆத்தா. கொடிக்காலுக்கு எங்க சுத்திகரிச்ச தண்ணிய எடுத்துக்க."

முத்துப்பேச்சி மூடியைக் காட்டினாள்.

"அதத்தான சார் உள்ள வச்சுச் சீல் வச்சிருக்காக."