போக மறுத்த மீன்தொட்டி

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைப் பையனுக்கு இரண்டே வேலைதான். பஜ்ஜி சாப்பிட வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் முதல் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

அப்போது கொல்கத்தாவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சரக்கு விவரங்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அதை, "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். (நானும் மறுக்கவில்லை. அதற்கு எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன்!)

நான் குடியிருந்த சாந்த்ராகாச்சியிலிருந்து அம்மாவோடு பஸ் மாறி, கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பெண்ணின் அப்பா திருநெல்வேலிக்காரர், ரயில்வே கணக்கு அதிகாரி. பெண், மீனா, காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கீயளாமே? ஒரு சின்ன தொந்தரவு, வந்து பாக்கீயளா?"

உள்ளறையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, புரோகிராம் பட்டியலைத் திறந்து காட்டினார். நடுவில் 'அக்வேரியம்' என்று ஒரு ஃபோல்டர்.

"என்னைக்கோ ஒரு சி.டி.யில வந்த மீன்தொட்டி தம்பி. இப்ப மீனும் இல்ல, தொட்டியும் இல்ல, பேரு மட்டும் போவ மாட்டேங்கு. அழிச்சா போவுது. மறுபடி ஆன் பண்ணா வந்து நிக்கு."

"ரெண்டு நிமிஷம் சார்."

அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அக்வேரியம் வந்தது. வேறு வழியில் போய் அழித்தேன். வந்தது. பெயரை மாற்றினேன். பழைய பெயரில் இன்னொன்று முளைத்து, இரண்டாக நின்றது! மீனா கதவோரம் வந்து நிற்பது தெரிந்ததும் எனக்கு வீரம் தலைக்கேறியது.

"வேரோட பிடுங்கணும் சார்" என்றேன்.

எங்கெங்கோ துழாவி 'புரோகிராம்ஸ்' என்ற ஃபோல்டரைக் கண்டுபிடித்தேன். இதுதான் அந்த வேர் என்று எப்படி முடிவு செய்தேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. "நிச்சயமாக அழிக்கவா?" என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. அழித்தேன்.

மறுபடி ஆன் செய்தபோது பட்டியலில் வேர்ட் இல்லை, எக்ஸெல் இல்லை, கால்குலேட்டர்கூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று நின்றது. அக்வேரியம்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு கோஷ்தா, அதாவது கோஷ் அண்ணன், உள்ளே வந்தார். குவார்ட்டர்ஸ் துர்கா பூஜை மலரை அந்தக் கம்ப்யூட்டரில் டைப் அடித்து வைத்திருந்தவர் மீனாவின் அப்பாதான். அன்று சாயங்காலம் அது பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். திரையைப் பார்த்ததும் கோஷ்தா நெஞ்சில் கை வைத்தார்.

"கீ ஷொர்பொனாஷ்!"

(நம் சர்வநாசம்தான். உதட்டைக் குவித்து வங்காளத்தில் சொன்னால் இன்னும் பெரிய நாசமாகத் தெரியும்.)

ஹாலிலிருந்து அம்மா பெருமையாகக் குரல் கொடுத்தாள்: "என்னடா, சரி பண்ணிட்டியா?"

மீனா வந்து என் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். ஃபைல் இருந்த இடத்துக்கு நேராகப் போய் இரண்டு தட்டு தட்டினாள். மலர் திறந்தது. "பட்டியல்தான்ப்பா போயிருக்கு, மத்ததெல்லாம் இருக்கு" என்றவள், என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்:

"நீங்க கம்ப்யூட்டர்ல என்னதான் பண்றீங்க?"

"டைப் அடிக்கிறேன்."

துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள். திரும்பும் பஸ்ஸில் அம்மா என் பக்கத்து சீட்டை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து மீனாவின் அப்பா போன் செய்தார். "தம்பி, தப்பா நினைச்சுக்காதீய. அவ இன்னும் சிரிச்சு முடிக்கல. முடிச்சதும் பதில் சொல்லுதோம்."

பதில் நல்லதாகவே வந்தது. ஆனால் மாமனார் வீட்டில் எனக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, ஓடாத மிக்ஸியைப் பார்த்து லேசாக எழுந்தேன். மாமனார் சோபாவிலிருந்தே கை காட்டினார்.

"மாப்ள, நீங்க உக்காருங்க. அது வெறுமன பிளக்குதான் கழண்டிருக்கு."