அக்காவை மறைக்க ஒரு வேலி

"பனியன்ல ஓட்டை இருக்கு பாரு!" மதிலுக்கு மேலே அக்காவின் தலை முளைத்தது.

கொல்லையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆடிட்டர் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்தார். பக்கத்து வீட்டில் சொந்த அக்கா இருந்தால் ஐம்பது வயதிலும் பனியன் பரிசோதனை உண்டு. ஒரு ஞாயிறாவது நிம்மதியாகப் படிக்க வேண்டுமானால் உயரமாகச் செடி வேலி போட வேண்டியதுதான். நேரே நர்சரிக்குப் போனார்.

"எது சீக்கிரம் வளரும்?"

"இது சார். ஆனா இது ஒரு பருவச் செடி..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்!"

செடி ஆளுயரம் வளர்ந்தது, பூத்தது, விதை விட்டது, மொத்தமாகக் காய்ந்து விழுந்தது.

"ஒரு பருவம்னா ஒரு பருவம்தான் சார் உயிரோட இருக்கும்," என்றார் நர்சரிக்காரர்.

"அப்ப பல வருஷம் இருக்கறதைக் குடுங்க."

"இருக்கு. ஆனா இலையுதிர் வகை..."

"வகை நல்ல வகைதான். ஏத்துங்க வண்டியில!"

குளிர் தொடங்கியதும் அது ஒரு இலை விடாமல் உதிர்த்துவிட்டுக் குச்சி குச்சியாக நின்றது. குச்சிகளுக்கு நடுவே அக்கா.

"இப்பதான்டா நல்லாத் தெரியற. காது முடியை வெட்டக் கூடாதா?"

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த மனுஷன் சொல்றதை முழுசாக் கேட்டுட்டுத்தான் வாங்குங்களேன்."

"எல்லாம் எனக்குத் தெரியும். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கற கொடி, வெயில் விரும்பி. இனிமே பாரு!"

வெயில் இவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்பதை மட்டும் மறந்துவிட்டார். கொடி மதிலேறி அக்கா வீட்டுப் பக்கம் குதித்து, அங்கே கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளியது. இவருக்கு மிச்சம் வெறும் தண்டு. ஞாயிறு மட்டும் வந்த அக்கா, இப்போது தினமும் ஸ்டூல் போட்டு ஏறிப் பூப்பறித்தபடியே தம்பியின் தொப்பையை விசாரித்தாள்.

ஆடிட்டர் அசரவில்லை. அடுத்தது மூங்கில் என்று அவர் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, அக்கா வீட்டிலிருந்து வெளியே வந்த வீட்டு புரோக்கர் கொல்லைக் கதவருகே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன இப்படிப் பண்ணிட்டீங்க சார்? வீட்டை வித்துட்டு மகனோட போயிடறதா அக்கா முடிவு பண்ணி ஆறு மாசமாச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலை. இன்னைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவங்க, 'எனக்காகச் செடி மேல செடியா வச்சுப் பூக்க வைக்கிறான், அவனை விட்டுட்டு நான் எங்கேயும் போகமாட்டேன்'னுட்டாங்க!"