எலியின் குடும்ப நலம்

கல்லூரி என்றால் கண்ணியம் வேண்டும். கண்ணியம் தானாக வந்துவிடாது, அதற்கு ஒரு குழு வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், திண்டுக்கல்லை ஒட்டிய அந்தக் கல்லூரியிலும் அவசர அவசரமாக ஒரு கண்ணியக் குழு அமைத்தார்கள். இனி எந்த ஆய்வேடும் அந்தக் குழுவின் கண்ணில் படாமல் வெளியே போக முடியாது.

முதலில் சிக்கியவள் கிளாரா. ஐந்து வருஷமாக எலிகளோடு மாரடித்தவள். ஆண் எலியின் விந்துக் குழலுக்குப் போகும் பரிவு என்னும் தானியங்கி நரம்பை குளுட்டமேட் என்ன செய்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. குளுட்டமேட் வேறொன்றுமில்லை, ஓட்டலில் ருசிக்காகப் போடுகிற வெள்ளை உப்பில் இருக்கும் சரக்கு. அதை ஊற்றினால் நரம்பு கொஞ்சம் சுணங்குகிறது, கழுவிவிட்டால் பழையபடி வேலை பார்க்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். இந்த மாதத்தோடு அவளுடைய பதிவு காலாவதி. குழு கையெழுத்துப் போடாவிட்டால் பட்ட பாடெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

குழுத் தலைவர் உடையப்பன் தலைப்பை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. தாளைப் பக்கத்தில் இருந்த நிர்வாக அலுவலர் ஜமால் முகமதுவிடம் தள்ளினார். அவருக்குத் திடீரென்று மூக்குக்கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை.

“ஏம்மா, வேற குழலே கிடைக்கலையா? மூச்சுக்குழல், உணவுக்குழல்னு அம்புட்டு இருக்கே?” என்றார் உடையப்பன்.

“இந்த நரம்பைப் பார்க்க இதுதான் சார் தோதான இடம். உலகம் பூரா இதுலதான் பார்க்குறாங்க.”

“உலகம் பார்க்கட்டும். நாம பார்க்கலாமா?”

கிளாரா புரொஜெக்டரைப் போட, சுவரில் எலியின் படம் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“எலிக்கு ஒரு துண்டு கட்டிவிடலாமே சார்?” என்றார் ஜமால் முகமது.

கிளாரா கணினியில் துண்டு கட்டினாள். உடையப்பன் இப்போது தைரியமாகக் குனிந்து பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலையே. நீ எதைத்தான் ஆராய்ச்சி பண்ணுன?”

“துண்டுக்குள்ள இருக்குறதை, சார்.”

உடையப்பன் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

“இது கல்யாணம் ஆன எலியா?”

கிளாரா சுவரில் இருந்த எலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆகலேன்னா இது ஒழுக்கக்கேடு. ஆயிருந்தா குடும்ப நலம். குடும்ப நலத்தைப் பத்தி அரசாங்கமே சுவத்துல எழுதுது. பக்கத்துல ஒரு பொம்பள எலியைப் போடும்மா. கழுத்துல மஞ்சக்கயிறு தெரியணும்.”

கிளாரா பெண் எலியைப் போட்டாள். கயிற்றையும் வரைந்தாள். பட்டம் வேண்டுமே. ஆய்வேட்டின் தலைப்பும் சீர்திருத்தப்பட்டது: ‘இல்லறத்தில் ஈடுபட்டுள்ள எலிகளின் குடும்ப நலனில் உப்பின் பங்கு: ஒரு கண்ணியமான பார்வை.’ கையெழுத்து விழுந்தது.

அவள் வெளியே வந்ததும் ஜமால் முகமது பின்னாலேயே ஓடிவந்தார்.

“செத்த நில்லும்மா. பேகம்பூர்ல நம்ம பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர். வாரத்துல நாலு நாள் கடைப் பிரியாணிதான். அவருக்கு ஒண்ணும் ஆயிராதே?”

“சார், இது எலியோட குழலைத் தனியா எடுத்து, குடுவையில வச்சுப் பார்த்தது. தட்டுல இருக்குற பிரியாணியைப் பத்தி இதுல ஒரு வார்த்தை கிடையாது.”

“அல்ஹம்துலில்லாஹ்!” பக்கத்து வீட்டுக்காரருக்காக அவர் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

மாடிப்படித் திருப்பத்தில் உடையப்பன் காத்திருந்தார். அவரும் அதையே கேட்டார், மச்சினனுக்காக. கையெழுத்து கைக்கு வந்துவிட்டதால் கிளாராவின் குரலும் ஏறியிருந்தது.

“படிச்சவங்க நீங்களே இப்படிக் கேட்கலாமா சார்? எலி வேற, மனுசன் வேற. இதுக்கெல்லாமா கூச்சப்பட்டு, பயந்துக்கிட்டு!”

தலைவர் தலைகுனிந்து போனார். அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. அப்போது கைப்பேசி அடித்தது. தை மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற ரொனால்டு.

“கிளாரா, நம்ம கல்யாணப் பிரியாணிக்கு ருசியா இருக்க அந்த வெள்ளை உப்பு போடவான்னு சமையல் மாஸ்டர் கேக்குறாரு. இன்னைக்கு மாப்ள எனக்குச் சமைச்சுக் காட்டுறாராம்.”

“வேணாம். தொட்டுக்கூடப் பார்க்காதீங்க.”

“ஏன்? எலி வேற, மனுசன் வேறன்னு நீதானே எப்பவும் சொல்லுவ?”

கிளாரா முன்னும் பின்னும் பார்த்தாள். ஐந்து வருஷமாகக் கூசாமல் சொல்லிப் பழகிய அந்தக் குழலின் பெயர், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது.

“குடும்ப நலன் கருதித்தான்” என்றாள்.