வேப்பமரத்தடிச் சாமியும் என் லேசர் கண்ணும்

கண் நன்றாகத் தெரிவது நல்லது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில், டிராயிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்பது பவர். கழற்றி மேஜைமேல் வைத்தால் என் கண்ணாடி பேப்பர் வெயிட்டாகவும் பயன்படும் (பக்கத்து சீட்டுக்காரர் ஃபேன் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வார்). வேலைக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, கல்யாணத்துக்குத்தான் கெடுதல். கண்ணாடி இல்லாமல் எடுத்த போட்டோவைப் பார்த்துப் பெண் வீட்டில் வரச் சொல்லுவார்கள். கண்ணாடியோடு நான் போய் இறங்கியதும் பேச்சு நின்றுவிடும். ஒரு வீட்டில் பெண்ணின் சித்தி, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே மறந்து, "ஏனுங்கக்கா, இந்தத் தம்பிக்குக் கரண்ட் போயிருச்சுன்னா சம்சாரம் ஆருன்னு அடையாளம் தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

எனக்கு உருப்படியாக வந்த ஒரே விஷயம் ஓட்டம். தினமும் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு காளப்பட்டிப் பக்கம் ஓடுவேன். வியர்த்தால் கண்ணாடி மூக்கிலிருந்து சறுக்கும் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிடுவேன். அது இல்லாத உலகத்தில் மனிதர்கள் கிடையாது, கலர்கள் மட்டும்தான். அசைகிற வெள்ளை என்றால் வேட்டி கட்டிய பெரியவர். உறுமிக்கொண்டு வருகிற சிவப்பு என்றால் டவுன் பஸ், ஒதுங்கிவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும் என்று மூன்று வருஷம் ஓடினேன்.

அந்த வழியில் ஒரு தோட்டத்துக் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய வேப்பமரம். "அந்த மரத்தடியில கருப்பராயன் இருக்கறாரு கண்ணு. கேட்டதைக் குடுக்கற சாமி. தாண்டிப் போறப்ப ஒரு கும்பிடு போட்டுப்போட்டுப் போ" என்று அம்மா சொல்லியிருந்தாள். பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். மரத்தடியில் வெள்ளை வேட்டி உடுத்தி, தலையில் பரிவட்டம் கட்டி, கன்னங்கரேல் என்று சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பின்னால் சுண்ணாம்பு அடித்த சின்னக் கோயில். நான் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டேன். அந்த நொடியில் கோயில் சுவரில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விளக்குகள் தானாக எரிந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. கும்பிடு போட்டுவிட்டுச் சும்மா ஓட முடியுமா? வேண்டுதலையும் வைத்தேன். அக்கம்பக்கத்தில் ஈ காக்கை கிடையாது என்பதால் வாய்விட்டே வேண்டினேன். வரம் யாருக்கு என்று சாமி குழம்பிவிடக் கூடாதே என்று, அர்ச்சனைக்குச் சொல்வதுபோல முதலில் விவரம்: "பேரு செந்தில்குமார், பூச நட்சத்திரம், கடக ராசி." அப்புறம் கோரிக்கைகள். முடி கொட்டக் கூடாது. மேனேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வர வேண்டும். சித்தி இல்லாத வீட்டில் பெண் அமைய வேண்டும். கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகு இதையும் சேர்த்துக்கொண்டேன்: "மாமனார் ஊட்டுல ஒரு பைக்கு குடுத்தாங்கன்னா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேனுங்க சாமி." (சும்மா இருப்பதுபோல இருந்து பிடுங்கிக்கொள்வது எப்படி என்பதற்கு இந்த வாக்கியமே உதாரணம்.) சில வெள்ளிக்கிழமைகளில் வேலிக் கல்மேல் ஒரு பூவன் பழம் வைப்பேன். மறுநாள் பழம் இருக்காது. எனக்குப் பக்தி முற்றியது.

அப்போதுதான் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேசர் மிஷின் வந்து இறங்கியிருக்கிறது, கண்ணாடியே வேண்டாமாம் என்று செய்தி வந்தது. ஆபரேஷனுக்கு முதல்நாள் சாமியிடம் போய், "ரெண்டு கண்ணும் நல்லபடியா வரணும். இந்த ஆப்ரேசன் விசயம் பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குச் சாகற வரைக்கும் தெரியவே கூடாது" என்று உருகினேன். விளக்குகள் எரிந்தன. தைரியமாகப் போய்ப் படுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாசம் ஓடக் கூடாது, கண்ணில் தண்ணீரோ தூசியோ படக் கூடாது, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்றார் டாக்டர். கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஏறினால் மெட்ராஸ் ஐ என்று நினைத்து மொத்த பஸ்ஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு ஜன்னல் சீட்டு தாராளமாகக் கிடைத்தது. அந்த மாசத்திலேயே தரகர் வீட்டுக்கு வந்து, "பொண்ணு ஊட்டுக்காரங்களே உங்க பையனைத்தான் வேணும்னு கேக்கறாங்க" என்று சொன்னார். என்னை யாரும் கேட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை. எல்லாம் லேசரின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் பார்க்கப் போவதாக முடிவானது.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் டாக்டர் ஓடலாம் என்று சொல்லியிருந்தார். ஓடினேன். உலகத்தில் இத்தனை விஷயங்கள் இருக்கின்றன என்பதே அதிர்ச்சியாக இருந்தது. மரத்தில் இலை தனித்தனியாக இருந்தது. கம்பியில் குருவி இருந்தது. மூன்று வருஷமாக நான் "குட்மார்னிங் சார்" சொல்லிவந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு தபால் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டிய உரமூட்டைச் சாக்காக இருந்தார். அதைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரே நினைப்புதான். கண் கொடுத்த சாமியை, அந்தக் கண்ணாலேயே பார்க்கப் போகிறேன்.

வேலிக்கு வெளியே ஷூவைக் கழற்றினேன். கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினேன். கண்ணை மூடி, பேர், நட்சத்திரம், ராசி சொல்லி, கையைத் தலைக்குமேல் தூக்கி, மெதுவாகக் கண்ணைத் திறந்தேன்.

சாமி வேப்பங்குச்சியில் பல் துலக்கிக்கொண்டிருந்தது.

மீசை இருந்தது. தலையில் பரிவட்டம் இல்லை, ஈரிழைத் துண்டு. காலடியில் ஒரு தூக்குப்போசி. பின்னால் கோயில் இல்லை, மோட்டார் ரூம். மூன்று விளக்குகள், திரீ பேஸ் கரண்ட் வந்தால் தெரிவதற்காகத் தோட்டக்காரர்கள் போட்டு வைக்கும் பல்புகள். (நான் வேலை செய்வது பம்புசெட் கம்பெனியில் என்பதை மறுபடி நினைவூட்ட வேண்டியதில்லை.) கரண்டுக்காகத் தினமும் விடிகாலையில் வந்து காத்துக்கிடந்த ஒரு மனிதரைத்தான் மூன்று வருஷமாகக் கும்பிட்டிருக்கிறேன். என் கை தலைக்குமேல் அப்படியே நின்றுவிட்டது. இறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

சாமி குச்சியை எடுத்துவிட்டு, வெகு மரியாதையாக எழுந்து நின்றது.

"வாங்க தம்பி. ஒரு மாசமா ஆளையே காணமுங்களே? கண்ணு நல்லாயிருச்சுங்களா?"

நான் போட்ட கத்தலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பியது. திரும்பி ஓடினேன். பத்தடி தாண்டுவதற்குள் வழுக்கி, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் விழுந்தேன். விழும்போதும் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது! ஆமைபோலக் கழுத்தை மட்டும் தூக்கிக்கொண்டு சேற்றில் கிடந்தேன். "ஐயோ தம்பி, பாத்துங்க" என்று சாமி கையை நீட்டிக்கொண்டு வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கடவைத் தாண்டி என்னை நோக்கி வந்தது. எழுந்து, வெறுங்காலோடு வீடுவரைக்கும் ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. ஷூ வேலி ஓரத்திலேயே கிடந்தது.

குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மத்தியானம் டாக்ஸியில் அம்மாவோடும் தாய்மாமாவோடும் உட்கார்ந்திருந்தபோதும் என் நினைப்பெல்லாம் அந்த வேப்பமரத்தடியிலேயே இருந்தது. அந்த மனிதருக்கு என் மேனேஜர் முதல் என் தலைமுடிவரை எல்லாம் தெரியும். போகட்டும், இனிமேல் வேறு பக்கம் ஓடிக்கொள்ளலாம், அவரை எதற்குப் பார்க்கப் போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். டாக்ஸி காளப்பட்டிப் பக்கம் திரும்பியது. கிளுவை வேலி வந்தது. வேப்பமரம் வந்தது. மரத்தை ஒட்டிய மண் பாதையில் டிரைவர் வண்டியை உள்ளே திருப்பினார்.

"மாமா, வண்டி தப்பான எடத்துக்குப் போகுது" என்றேன்.

"இதான்டா தரகர் சொன்ன அடையாளம்" என்றார் மாமா.

தோட்டத்து வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது என் ஷூ. கழுவி, துடைத்து, சுவர்மேல் வெயிலில் காய வைத்திருந்தார்கள்.

"இதென்ன கண்ணு, உன்ற சூ மாதிரியே இருக்குது?" என்றாள் அம்மா.

"எல்லாச் சூவும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்" என்றேன்.

சலவை வேட்டி சட்டையில் சாமி வெளியே வந்து கைகூப்பியது. பெண்ணின் அப்பா, பெயர் நாச்சிமுத்து என்று மாமா அறிமுகப்படுத்தினார். அவர் காலையில் நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லோரையும் உட்கார வைத்தார். பழத்தட்டை நேராக என்னிடம் நீட்டினார்.

"எடுத்துக்குங்க தம்பி. பூவன் பழந்தானுங்க."

எடுக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். அதைவிட, இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா எப்படித் தலைநிமிர்ந்து வெளியே போவாள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. காபி வந்தது. கொண்டுவந்த கல்யாணப் பெண் சுமதியின் கையில் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின. வெட்கம் என்று அம்மா நினைத்தாள். அம்மாவுக்கு அடுத்து, கண்ணாடி இல்லாமல் நான் தெளிவாகப் பார்த்த முதல் பெண்முகம் அது. வெட்கத்தின் ஜாடைகூட அதில் இல்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பது அப்போது புரிந்தது.

"தம்பி, தோட்டம் பாக்கறீங்களா?" என்று அவர் என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் தலையைத் தொங்கப்போட்டபடி கேட்டேன்.

"மூணு வருசமா ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலை?"

"எப்படிங்க சொல்லறது? கருப்பராயன் கல்லு எனக்குப் பின்னாலதானுங்க இருக்குது. நீங்க அவரைக் கும்பிடறீங்கன்னு நெனச்சேன். சாமி கும்பிடறப்ப குறுக்க எந்திரிச்சுப் போறது மரியாதை இல்லைங்களே. அதனால அசையாம உக்காந்துக்குவேன். பொறவு ஒருநாள் நான் இந்தப் பக்கமா நகந்து உக்காந்தேன். நீங்களும் இக்கட்டால திரும்பிக் கும்பிட்டீங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது." அவர் குரலில் கேலியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சொன்னா மனசு ஒடிஞ்சு போயிருவீங்கன்னு விட்டுப்போட்டேன்."

"அப்ப அந்தப் பழம்?"

"சாமிக்கு வெச்சது வீணாப் போகக் கூடாதுங்களே."

தரையைப் பார்த்துக்கொண்டே, பெண் கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி பேசறீங்க? தரகரை அனுப்புனதே நானுங்க. பேரு, நச்சத்திரம், ராசி எல்லாம் தெனமும் நீங்கதானுங்களே சொன்னீங்க? ஜோசியர்கிட்டப் பொருத்தம் பாத்தாச்சு. பத்துக்கு எட்டு. பத்து நாளா ஆளைக் காணமுன்னதும் ஆப்ரேசன் கீப்ரேசன் தப்பாப் போயிருச்சோன்னு சுமதி பயந்துபோச்சு. பனியன்ல கம்பெனி பேரு இருந்துச்சு, அங்க போயி விசாரிச்சேன். நல்ல பையன், என்ன, கண்ணுதான் கொஞ்சம் பத்தாதுன்னாங்க. அது எனக்குத் தெரியாதுங்களா?"

யாருக்கும் தெரியக் கூடாது என்று கண்ணை அறுத்துக்கொண்டேன். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்கள். அவர் தோள்மேல் துண்டைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்:

"ஒண்ணுதானுங்க தம்பி. ஊட்டுல சித்தி ஆரும் இல்லீங்க, அது சரியாப்போச்சு. பைக்கு மட்டும் நம்மால முடியாதுங்க."

கல்யாணத்தில் மணமேடையில் அவர் காலில் விழக் குனிந்தேன். "மூணு வருசம் கும்பிட்டது போதுங்க மாப்ள" என்று பதறிப் பின்னால் நகர்ந்தார். பந்தலே சிரித்தது. அம்மா மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் சுமதி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கரண்ட் போனால், கேஸ் தீர்ந்தால், மழை வராவிட்டால், "உங்க சாமிக்குப் போன் போடுங்க" என்பதுதான் பேச்சு.

போன மாசம் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் வீட்டு வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வெள்ளை வேட்டியில், அவருக்கு இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரே நின்றேன். தடுமாறி எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

"பேரு நாச்சிமுத்து, சுவாதி நச்சத்திரம், துலா ராசி. எங்க மாப்ளைக்கு அந்த பைக்கை மட்டும் நீங்களே பாத்துக் குடுத்துருங்க சாமி."