ஜும்ஆவுக்குப் போன ஊசி டொக்டர்

கலியாணம் பேசுகிற வீட்டில் பெண்பிள்ளைக்கு நோயே வரக் கூடாது. தும்முவதென்றாலும் மாப்பிள்ளை வீட்டார் படலையைத் தாண்டிப் போன பிறகுதான் தும்ம வேண்டும். எனக்கோ ஒற்றைத் தலையிடி. வெயில் கண்ணில் பட்டாலும், அத்தர் மணம் மூக்கில் ஏறினாலும் பாதி மண்டைக்குள் நெல்லுக் குத்தத் தொடங்கிவிடும். இது வெளியே தெரிந்து ஒரு சம்பந்தம் ஏற்கெனவே முறிந்திருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அடுத்த சம்பந்தம் வந்தபோது, தலையிடி வருமுன்னே தடுத்துவிட வேண்டுமென்று உம்மா என்னை ரகசியமாகக் கல்முனை ஊசி டொக்டரிடம் அனுப்பினார்.

அவர் கொழும்பில் சீன வைத்தியம் படித்தவர். கைகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்தி மூச்சு விடுகிற பயிற்சி ஒன்றும் சொல்லித் தந்திருந்தார். (அதை வளவில் செய்தால், இரை போடுகிறேன் என்று நினைத்துக் கோழிகள் ஓடிவரும்.)

மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பார்க்க வரவிருந்த வெள்ளிக்கிழமை அது. நெற்றியிலும் கையிலும் மயிரளவு ஊசிகளைக் குத்திவிட்டு, "அசையாமப் படுங்க, ஜும்ஆ முடிஞ்ச கையோட வாறன்" என்று கதவை வெளியே பூட்டிக்கொண்டு டொக்டர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். (வெள்ளி மத்தியானம் கடைத்தெரு முழுக்கப் பூட்டுகிற நேரம். அவருக்கு நாங்களும் கடைச் சாமான்தான்.) பள்ளியில் அன்று கந்தூரிச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியாது.

தெரு அடங்கியது. தூரத்துக் கடலின் இரைச்சல் மட்டும் வந்து போனது. கட்டில் தோணியாகி மெதுவாக ஆடுவதுபோல இருந்தது. பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன். அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய திரைக்கு அப்பால் ஒரு பெருமூச்சு. இன்னொரு பெண்ணும் ஊசிகளோடு கிடந்தார்.

"எவ்வளவு காலமாப் புள்ள தலையிடி?"

"சின்ன வயசிலரிந்து மாமி. உங்களுக்கு?"

"கலியாணம் முடிச்ச நாளையிலரிந்து. இருட்டறையில கிடந்தாத்தான் சொகம். ஊட்டுல ஆருக்கும் விளங்காது. சோம்பல் எண்டுவாங்க."

என்னிடம் யாரும் இப்படிக் கதைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அந்த மயக்கத்தில் நாக்கும் கழன்றுகொண்டது.

"இண்டைக்கு என்னப் பாக்க வாறாங்க மாமி. மாப்பிள்ளைட உம்மா பெரிய எடுப்பாம். மாட்டுக்குப் பல்லுப் பாக்கிறாப்போல பாப்பாவாம். தலையிடி எண்டு தெரிஞ்சா நான் துலைஞ்சன்."

அப்பால் சத்தமேயில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து டொக்டர் நெய்ச்சோற்று மணத்தோடு வந்து என் ஊசிகளைக் கழற்றினார். திரைப்பக்கம் திரும்பியும் பாராமல் வீட்டுக்கு ஓடினேன்.

பின்னேரம் தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். பாயில் இருந்த மாப்பிள்ளையின் உம்மா நிமிர்ந்தார். முக்காட்டுக்குக் கீழே, நெற்றியில் சிவந்த சின்னப் புள்ளிகள். என் நெற்றியிலும் அதே இடங்களில்.

"புள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லியே?" அதே குரல்.

"அல்லாஹ் காப்பாத்தட்டும், தலையிடி எண்டா என்னெண்டே தெரியா அவளுக்கு!" என்றார் உம்மா. (தலையிடியைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை.)

தேத்தண்ணியில் பாதி பாயில் சிந்தியது. இதுவும் முறிந்தது என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் உம்மா என்னை ஆறுதலாகப் பார்த்தார்.

"பல்லு நல்ல பல்லுதான்" என்றார்.

பிறகு வாப்பா பக்கம் திரும்பினார். எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் சீதனம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார்.

"நான் ஒண்டுதான் கேக்கன். கட்டுற ஊட்டுல ஜன்னல் இல்லாத அறை ஒண்டு வேணும். ரெண்டு கட்டில் போடுறாப்போல."

வாப்பா ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். அப்படியே கட்டியும் கொடுத்தார்.

தலையிடி எங்களிருவரையும் முழுதாக விட்டுப் போகவில்லை. வரும்போதெல்லாம் மாமி வந்துவிடுவார். இருட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கதைத்துக்கொண்டு கிடப்போம். அந்தச் சுகம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. "சீதன ஊடு எனக்குத்தான் எண்டு பேர், படுக்கிறது விறாந்தையில" என்று என் கணவர் வருகிற ஆட்களிடமெல்லாம் முறையிடுவார்.

மாமி மௌத்தாகிப் பல வருடம். அவருடைய கட்டிலில் இப்போது, பாதி நெற்றியைப் பொத்திக்கொண்டு, என் மகள் படுக்கிறாள். கணவர் இன்னும் விறாந்தையில்தான்.